மோர் பிஸ்கட்டும் சரகா அப்பமும்

'பிஸ்கட்' என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது, மாலைத் தேநீரில் தோய்த்து உண்ணும் மொறுமொறுப்பான சில்லு. நம் முன்னோர் அதனைப் 'பிஸ்கோத்து' என்றனர். ஈழத்துத் தமிழர் 'விசுக்கோத்து' என்பர். இவ்விரண்டும் போர்த்துக்கீசியர் வாய்மொழி வழியே நம் கடற்கரைகளில் வந்திறங்கிய சொற்கள். அவற்றின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'இருமுறை சுட்டது' என்பதே அதன் பொருள். மாதக் கணக்கில் கடலில் மிதந்த மாலுமிகளுக்குக் கெட்டுப்போகாத உணவு வேண்டியிருந்தது. எனவே ஒருமுறை சுட்ட ரொட்டியை மீண்டும் அடுப்பிலிட்டு ஈரத்தை முற்றும் போக்கினர். பல்லை உடைக்கும் அந்தக் கப்பல் ரொட்டிதான் பிஸ்கட்டின் மூத்த தலைமுறை.

ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களாகிய வர்ஜீனியா, ஜார்ஜியா, டென்னசி, அலபாமா முதலியவற்றில் பிஸ்கட் கேட்டால் வந்து சேர்வது வேறொன்று. உள்ளங்கை அகலமும் இரண்டு விரற்கடை உயரமும் கொண்ட ஒரு சிறு ரொட்டி அது. மேற்புறம் பொன்னிறம், உட்புறம் வெண்மை. பக்கவாட்டில் நோக்கினால் ஏடு ஏடாக அடுக்கி வைத்தாற்போல் காணப்படும். கையால் பிட்டால் ஏடுகள் பிரிந்து ஆவி எழும். இனிப்பு இல்லை. இருமுறை சுடுவதும் இல்லை. பெயர் ஒன்றாக இருக்க, பொருள் முற்றிலும் மாறிவிட்டது. பிள்ளைகளைக் காண அட்லாண்டாவுக்கும் டல்லாசுக்கும் சென்று வரும் நம் பெற்றோர் பலர், காலைச் சிற்றுண்டிக்குப் பிஸ்கட் என்று சொல்லி இதனைத் தட்டில் வைத்ததும் வியந்திருப்பர்.

இந்த ரொட்டியைப் பிசைவதற்கு அவர்கள் பயன்படுத்துவது மோர். ஆம், நம் வீட்டு மோரின் உடன்பிறப்பே. வெண்ணெய் கடைந்தபின் எஞ்சும் புளித்த நீர், பண்ணை வீடுகளில் வீணாகாமல் மாவோடு சேர்ந்தது. இன்று அங்குக் கடைகளில் விற்கும் மோர், பாலில் உறையிட்டுத் தயாரிக்கும் கெட்டியான ஒன்று. நம் நீர்மோரைப் போல் ஓடாது.

அடுக்குகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை நம் பரோட்டாவை அறிந்தோர் எளிதில் உணர்வர். மாவுக்கும் மாவுக்கும் இடையே கொழுப்பு ஒரு திரையாக நின்று அவற்றை ஒட்டவிடாமல் பிரிப்பதே இரண்டிற்கும் பொதுவான நுட்பம். ஆயினும் பரோட்டா மாவை அடித்தும் வீசியும் இழுத்தும் பசைத்தன்மையை வளர்க்கிறோம். பிஸ்கட்டுக்கோ அப்பசை பகை. கைபடுவது எவ்வளவு குறைவோ அவ்வளவு மென்மை. குளிர்ந்து இறுகிய வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக்கி, உருகிவிடாமல் மாவில் விரவ வேண்டும். மோர் ஊற்றி, ஒன்றுசேரும் அளவே கூட்டி, தட்டிப் பரப்பி, கடிதம் மடிப்பதுபோல் 3 அல்லது 4 முறை மடித்துப் பரப்ப வேண்டும். கடும் சூட்டில் வைத்ததும் வெண்ணெய்த் துண்டுகள் உருகி இடம் விடுகின்றன. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு. அந்நீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்கி நிறுத்துகிறது. அதே வேளையில் மோரின் புளிப்பு, சோடா உப்போடு கலந்து கரியமில வாயுவை எழுப்பி மாவை உப்பச் செய்கிறது.

செய்து பார்க்க விழையும் சகோதரிகளுக்கு அளவையும் கூறிவிடுவோம். மைதா 250 கிராம். அதில் 2 மேசைக் கரண்டியளவு எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோளமாவு சேர்த்தால் பசை குறையும். பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 90 கிராம், தயிரில் சிறிது நீர் விட்டுக் கடைந்த கெட்டி மோர் சுமார் 180 மில்லி. விளிம்பு கூரான வட்டமான டப்பா மூடியால் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். திருகினால் ஏடுகளின் ஓரம் ஒட்டிக்கொண்டு எழும்பாது. ஒன்றையொன்று தொடுமாறு தட்டில் அடுக்கி, 220 முதல் 230 பாகை வரை சூடேற்றிய ரொட்டி அடுப்பில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் இளகிவிடும் என்பதால் மாவையும் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பது நலம்.

கால் மணி நேரத்தில் முடியும் இந்த எளிய பண்டத்துக்கு வரலாறு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கலாம். தென்மாநிலத்தார் பிஸ்கட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பாட்டியின் கைப்பக்குவம்' என்று உருகுவர். அந்தக் கை எவருடைய கை என்பதுதான் நாம் இங்கே எழுப்பும் வினா.

சோடா உப்பு அடுப்படிக்கு வருமுன் இந்த மாவை எழுப்ப ஒரு வழி இருந்தது. அடிப்பது. மரப்பலகையில் அல்லது வெட்டுமரத்தின் அடிக்கட்டையில் மாவை வைத்து, உலக்கையாலோ மரச்சுத்தியாலோ கோடரியின் பின்புறத்தாலோ இடைவிடாது அடிக்க வேண்டும். மாவின் மேல் கொப்புளங்கள் தோன்றும் வரை, அரை மணிக்குக் குறையாமல், அது தொடரும். 'அடித்த பிஸ்கட்' என்றே அதற்குப் பெயர். வீட்டாருக்கு 300 அடி, விருந்தினருக்கு 500 அடி என்று ஒரு சொல்வழக்கும் அங்கே உண்டு. விடியற்காலையில் சமையற்கட்டிலிருந்து கேட்கும் அவ்வொலியைக் கேட்டுக் கண்விழித்ததாக எசமான் வீட்டுப் பிள்ளைகள் பிற்காலத்தில் இனிமையாக நினைவுகூர்ந்தனர். அடித்தவர்களுக்கு அது எவ்வாறு கேட்டது என்பதை எழுதிவைக்க அந்நாளில் எவரும் முன்வரவில்லை.

1824-ஆம் ஆண்டில் மேரி ராண்டால்ஃப் என்னும் சீமாட்டி 'வர்ஜீனியா இல்லத்தரசி' என்னும் பொருள்பட ஒரு சமையல் நூலை வெளியிட்டார். தென்னாட்டுச் சமையலின் தலைநூல்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதில் ஒரு குறிப்பு வருகிறது: ஒரு குவார்ட் மாவு, 4 அவுன்ஸ் வெண்ணெய், ஒரு முட்டை, சிறிது உப்பு, புதுப்பால், பிசைந்து உலக்கையால் அரை மணி நேரம் அடித்து, மெல்லியதாகப் பரப்பி, வட்டமாக வெட்டிச் சுட வேண்டும் என்கிறது. 'அடி' என்னும் ஏவல் வினைக்கு எழுவாய் இல்லை. அந்நூலை வாங்கிப் படித்த சீமாட்டிகள் தம் வளையணிந்த கரங்களால் அரை மணி நேரம் உலக்கை பிடித்திருப்பார்கள் என்று நம்ப நாம் ஆயத்தமாக இல்லை. ராண்டால்ஃப் குடும்பமே அடிமைகளை உடைமையாகக் கொண்ட குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்து வரப்பட்ட மக்களின் வழிவந்த பெண்களே அக்கரங்களுக்கு உரியவர்கள்.

அவர்கள் தாம் அடித்த மாவை உண்டார்களா? கோதுமை மாவு எசமானின் மேசைக்குரியது. தம் குடிசைக்கு அவர்கள் கொண்டு சென்றது சோளமாவு. அடிமைத்தளையிலிருந்து தப்பி, பின்னர் உலகறிந்த பேச்சாளராக விளங்கிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் மேரிலாந்துப் பண்ணையில் வளர்ந்தோர்க்கான மாதப்படியைக் கணக்கிட்டுத் தருகிறார்: 8 பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன்; ஒரு புஷல், அதாவது சுமார் 35 லிட்டர் கொள்ளளவு சோளமாவு. அவ்வளவே. புக்கர் டி. வாஷிங்டன் என்னும் மற்றொரு பெருமகனார், சிறுவனாக இருந்தபோது எசமான் வீட்டு இளம்பெண்கள் இஞ்சி அப்பம் உண்பதைக் கண்டு, விடுதலை பெற்றால் அவ்வாறு அப்பம் உண்பதே தம் வாழ்வின் உச்சம் என்று எண்ணியதாக 1901-இல் வெளியான தம் சரிதையில் எழுதியுள்ளார்.

உணவைச் சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்தி உண்ணச் செய்யுமாறும், அது இயலாதாயின் ஓரிரு கவளமேனும் அவர் கையில் கொடுக்குமாறும், அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவரே என்று காரணம் காட்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. டக்ளஸின் மாதப்படிக் கணக்கைப் படிக்கும்போது இந்நபிமொழி நம் நினைவுக்கு வராமல் போகாது. ஆயினும் அதை வைத்துப் பிறரை மட்டும் சாடுவது நேர்மையன்று. இந்நபிமொழியை ஓதிய சமுதாயங்களிலும் அடிமைச் சந்தைகள் நெடுங்காலம் நடந்தன. இன்றும் திருமண வீட்டுப் பந்தியில், விடியுமுன் வந்து அடுப்பில் வெந்த பெண்கள் எந்நேரம், எவ்விடத்தில் அமர்ந்து உண்கிறார்கள் என்பதை நம் வீடுகளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிற்க. சோடாவின் கதைக்கு வருவோம்.

விறகுச் சாம்பலை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் ஒருவகைக் கார உப்புக் கிடைக்கும். காடழித்து நிலம் திருத்திய அமெரிக்கரிடம் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. 1790-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அந்நாட்டு அரசு வழங்கிய முதல் காப்புரிமையே சாம்பலிலிருந்து இவ்வுப்பைக் காய்ச்சும் முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு அளிக்கப்பட்டது. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அதில் கையொப்பமிட்டார். அவ்வுப்பைத் தூய்மையாக்கி மாவில் சேர்த்தால் புளிப்போடு கலந்து நுரைத்தெழும் என்பதைப் பெண்கள் கண்டறிந்தனர். 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட 'அமெரிக்கச் சமையல்' நூலில் அதன் பயன் அச்சேறியது. சாம்பலுப்பின் கார நெடியைப் போக்கவல்ல சோடா உப்பை, 1846 முதல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் பொட்டலமிட்டு விற்கலாயினர். 1856-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, புளிப்புப் பொருளையே உலர்ந்த தூளாக ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது சோடாவுடன் ஒரே டப்பாவில் கூடியதும் பேக்கிங் பவுடர் பிறந்தது.

ஆக, அரை மணி நேர உலக்கையடியை ஒரு தேக்கரண்டித் தூள் நீக்கியது. இதனை அறிவியலின் அருட்கொடை என்று போற்றலாம், போற்றத்தான் வேண்டும். ஆனால் ஓர் உண்மையை மறைக்கலாகாது. சோடா உப்பு மலிந்த பின்னரும் செல்வர் வீடுகளில் அடித்த பிஸ்கட்டே பெருமைக்குரியதாக நீடித்தது. உழைப்பு கூடுதலாக வேண்டியிருந்ததே அதன் பெருமைக்குக் காரணம். பிறர் உழைப்பு என்பதால் அது எவருக்கும் உறுத்தவில்லை. 1865 டிசம்பரில் 13-ஆம் அரசியற் சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. கூலியின்றி உலக்கை பிடிக்கும் கரங்கள் குறைந்தன. அதன் பின்னரே, நம் ஊர் கரும்பு பிழியும் எந்திரம்போல் இரண்டு உருளைகளும் கைப்பிடியும் கொண்ட பிஸ்கட் எந்திரம் பரவலாயிற்று. எந்திரம் வாங்க இயலாதோர் மோரும் சோடாவும் கொண்டு செய்யும் எளிய பிஸ்கட்டுக்கு மாறினர். இன்று உலகம் புகழும் ஏடுவிரியும் பிஸ்கட் இவ்வாறுதான் ஏழை எளியோர் வீட்டுக் காலை உணவாயிற்று.

கோதுமையும் இதில் ஒரு பங்கு பெற்றது. தென்னாட்டு மண்ணில் குளிர்காலத்தில் விளையும் மென்கோதுமையில் புரதம் குறைவு. ரொட்டிக்கேற்ற வன்கோதுமை மாவில் 12, 13 விழுக்காடு புரதம் இருக்க, இதில் 8, 9 விழுக்காடே உண்டு. 1883-இல் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் தொடங்கிய 'ஒயிட் லில்லி' மாவு இம்மென்மையால் புகழ்பெற்றது. அந்நகரத்து ஆலை 2008-இல் மூடப்பட்டு உற்பத்தி வேற்றிடம் சென்றபோது, மாவின் தன்மை மாறிவிடுமோ என்று தென்னாட்டுச் சமையற்காரர்கள் கலங்கினர். ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா கிடைக்காமல் போனால் நாம் எவ்வளவு கலங்குவோமோ அவ்வளவு.

விடுதலைக்குப் பின் அப்பெண்கள் சிலர் தம் பெயரோடு அச்சேறினர். 1866-இல் மிச்சிகன் மாநிலத்துப் பா பா என்னும் சிற்றூரில் மலிண்டா ரஸ்ஸல் என்பவர் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதியதாக அறியப்பட்ட சமையல் நூல்களில் அதுவே முதலாவது. டென்னசியில் அடிமையல்லாத குடியில் பிறந்தவர் அவர். உள்நாட்டுப் போரின்போது கொள்ளையர் கைப்பொருளைப் பறிக்க, ஊரைவிட்டு வெளியேறினார். சொந்த ஊர் திரும்புவதற்குப் பணம் சேர்க்கவே இந்நூலை எழுதுவதாக அவரே முன்னுரையில் கூறுகிறார். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினச் சமையற்காரியிடம் தொழில் பயின்றதாகவும், அவர் பெயரைச் சொல்லி நன்றி பாராட்டுகிறார். தன் ஆசானின் பெயரை மறவாது குறித்த அச்செயல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்தவர் ஏபி ஃபிஷர். தென் கரோலினாவில் பிறந்தவர். அடிமையாகவே பிறந்தார் என்று ஆய்வாளர் கருதுவர். அலபாமாவின் மொபீல் நகரில் வாழ்ந்து, 1870-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா சென்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஊறுகாய், பழப்பாகு செய்து விற்றார். 1879-லும் 1880-லும் அம்மாநிலத்தில் நடந்த கண்காட்சிகளில் பரிசுகள் பெற்றார். எழுதவோ படிக்கவோ அறியாதவர். பதினொரு பிள்ளைகளுக்குத் தாய். நண்பர்கள் வேண்ட, அவர் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி, பெண்கள் கூட்டுறவு அச்சகம் 1881-இல் நூலாக்கியது. அந்நூலின் முதற் குறிப்பு எது தெரியுமா? மேரிலாந்து அடித்த பிஸ்கட்! மாவு இளகி ஈரப்பதம் பெறும் வரை பலகையில் வைத்து அடிக்கச் சொல்கிறார். ராண்டால்ஃப் சீமாட்டி அரை மணி நேரம் என்று கடிகாரம் காட்டினார். ஃபிஷர் அம்மையாரோ மாவின் நிலையைக் காட்டுகிறார். அடித்துப் பழகிய கைக்கும் அடிக்கச் சொன்ன வாய்க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் காலத்துக்கு நெருங்கியவர் எட்னா லூயிஸ். 1916-இல் பிறந்து 2006-இல் மறைந்தவர். வர்ஜீனியாவில் 'விடுதலையூர்' என்று பொருள்படும் ஃப்ரீடவுன் அவர் ஊர். விடுதலை பெற்ற அடிமைகள் சேர்ந்து உருவாக்கியது. அவர்களுள் ஒருவர் அவருடைய பாட்டனார். 1976-இல் வெளியான அவருடைய நூல் அச்சிற்றூரின் ஓராண்டு உணவைப் பருவம் பருவமாகச் சித்திரிப்பது. அளவுக் கரண்டி இல்லாத அவ்வீடுகளில் பேக்கிங் பவுடரை நாணயத்தின் மேல் வைத்து அளந்தனராம். கடைத்தூளின் மருந்து நெடி பிடிக்காமல், திராட்சைப் புளிப்பு உப்பு இரு பங்கும் சோடா ஒரு பங்கும் கலந்து தாமே தூள் செய்துகொள்வது அவர் வழக்கம்.

இவ்விடத்தில் நம் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபிஷர் அம்மையாரின் குறிப்பிலும், லூயிஸ் அம்மையாரின் குறிப்பிலும், பொதுவாகத் தென்னாட்டுப் பழங்குறிப்புகள் பலவற்றிலும் மாவோடு சேர்க்கும் கொழுப்பு பன்றிக் கொழுப்பே. நமக்கு ஹராம். 1911-இல் பருத்திக்கொட்டை எண்ணெயை இறுகச் செய்து 'கிரிஸ்கோ' என்னும் பெயரில் விற்கத் தொடங்கியபின் தாவரக் கொழுப்புப் பரவியது. பன்றியை விலக்கிய யூத இல்லங்களுக்கென்றே அந்நிறுவனம் 1933-இல் யூதர் பேசும் இத்திஷ் மொழியிலும் சமையல் ஏடு வெளியிட்டது. எனினும் உணவகத்துப் பிஸ்கட்டில் எக்கொழுப்பு உள்ளது என்பதைக் கேட்டறிந்தே உண்ண வேண்டும். வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் இதில் கவனமாகவே இருக்கிறார்கள். ஊரிலிருந்து செல்லும் நாம்தான் ரொட்டிதானே என்று எண்ணிவிடுகிறோம்.

பன்றியை விலக்கும் இவ்வழக்கம் அந்த மண்ணுக்குப் புதியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கவர்ந்து செல்லப்பட்டோருள் முஸ்லிம்களும் இருந்தனர். வாஷிங்டனை ஒட்டிய ஜார்ஜ்டவுனில் யாரோ மாமூத் என்பவர் வாழ்ந்தார். 1796-இல் விடுதலை பெற்று, உழைத்துச் சொந்த வீடு வாங்கியவர். புகழ்பெற்ற ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1819-இல் அவரை உருவப்படமாக வரைந்தார். தெருவில் இறைவனைப் புகழ்ந்து பாடிச் செல்லும் முஸ்லிம் என்று அவரைப் பற்றிக் குறிப்பும் எழுதிவைத்தார். தெரிந்தவர்கள் பன்றி இறைச்சியையும் மதுவையும் சொல்லிக் கேலி செய்வார்களாம். பன்றி உண்பது நன்றன்று, மது மிகத் தீது என்று அம்முதியவர் மறுமொழி கூறுவாராம். மாதப்படியில் பன்றி இறைச்சி அளந்த நாட்டில் இப்படி ஒருவர்!

வட கரோலினாவில் உமர் இப்னு ஸயீத் வாழ்ந்தார். செனகல் நாட்டு ஃபூத்தா தோரோவில் 1770-ஐ ஒட்டிப் பிறந்து, 1807-இல் சார்லஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட கல்விமான். 1831-இல் அரபு மொழியில் தம் வரலாற்றை எழுதினார். அதனைத் திருமறையின் 'முல்க்' அத்தியாயத்தோடு தொடங்கினார். அக்கையெழுத்துப் படியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2017-இல் தன் உடைமையாக்கிக்கொண்டது. ஜார்ஜியாக் கடலோரத்துச் சாப்பலோ தீவில் பிலாலி முஹம்மது இருந்தார். கினி நாட்டு ஃபூத்தா ஜாலோன் மலைநாட்டவர். தாமஸ் ஸ்பால்டிங் என்பவரின் பெரும்பண்ணையில் பிற அடிமைகளை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அடிமையே அடிமைகளை நடத்திய அவ்வாழ்வின் நெருடலை நாம் மழுப்ப வேண்டியதில்லை. அவர் 13 பக்க அரபு ஏடு ஒன்றை எழுதி விட்டுச் சென்றார். முதலில் அது நாட்குறிப்பு என்றே கருதப்பட்டது. அறிந்தோர் படித்தபின், மாலிக்கி மத்ஹபின் புகழ்பெற்ற சட்டநூலாகிய கைரவானியின் 'ரிஸாலா'வை ஒட்டியது என்று தெரிந்தது. இன்று அது ஜார்ஜியாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

ஆண்கள் ஏடு விட்டுச் சென்றனர். நூலகங்கள் அவற்றைப் பேணுகின்றன. பெண்கள் விட்டுச் சென்றது அடுப்படியில் இருந்தது. 1930-களின் பிற்பகுதியில் அரசின் எழுத்தாளர் திட்டத்தைச் சேர்ந்தோர் ஜார்ஜியாக் கடலோரக் கிராமங்களுக்குச் சென்று, அடிமைகளின் வழித்தோன்றல்களாகிய முதியோரைக் கண்டு உரையாடி, 1940-இல் 'ட்ரம்ஸ் அண்ட் ஷாடோஸ்' என்னும் நூலாக வெளியிட்டனர். அதில் சாப்பலோ தீவின் முதியவள் ஒருத்தி பேசுகிறாள். அவளுடைய பாட்டி மார்கரெட், பிலாலி முஹம்மதின் மகள். தலையில் வெண்துணி தோளில் தொங்கப் போர்த்தியிருப்பாளாம். ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரு தட்டையப்பம் செய்வாளாம். அது பெருநாள்போன்ற நாள். அப்பத்தின் பெயர் 'சரகா'.

செய்முறையையும் அவள் சொல்கிறாள். அரிசியைக் களைந்து, நீரை வடித்து, ஈர அரிசியை இரவு முழுதும் வைத்திருப்பது. காலையில் அது ஊறிப் பருத்திருக்கும். அதை மர உரலில் இட்டு மர உலக்கையால் கூழாக இடிப்பது. தேனோ சில வேளை சர்க்கரையோ சேர்த்துக் கையால் தட்டையாகத் தட்டுவது. நம் உம்மாமார் கொழுக்கட்டைக்கு அரிசி இடித்த முறையை அறிந்தோர், இதைப் படிக்கும்போது ஒருகணம் நின்றுவிடுவர். இதே உலக்கை. ஆனால் எசமான் வீட்டுப் பிஸ்கட்டுக்காக அன்று. எவருடைய ஏவலாலும் அன்று.

'சரகா' என்பது ஸதகாவே. மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் அரபுச் சொல்லாகிய ஸதகா அவ்வாறு திரிந்து வழங்குகிறது. தனக்கென ஒரு பிடி மண்ணும் இல்லாத, தன் உடலும் தன் பிள்ளைகளும் பிறர் உடைமையாயிருந்த காலத்தில் வாழ்ந்த ஒரு பெண் அறம் செய்தாள். பேரப்பிள்ளைகள் அச்சொல்லின் பொருளறியாமல் வளர்ந்தனர். தொழுகை மறைந்தது, அரபு எழுத்து மறைந்தது, அத்தீவு மக்கள் பின்னர்க் கிறித்தவத் திருச்சபைகளில் சேர்ந்தனர். இனிக்கும் ஓர் அரிசியப்பத்தோடு ஒட்டிக்கொண்டதால் அந்தச் சொல் மட்டும் ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்தது.

1967-இல் எலிஜா முஹம்மது வெளியிட்ட உணவு பற்றிய நூல், அடிமைக் காலத்து உணவுகளைக் கைவிடுமாறு தம் இயக்கத்தாருக்கு அறிவுறுத்தியது. அவருடைய சமயக் கொள்கைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. பன்றியை அவர் விலக்கச் சொன்னது சரியே. ஆனால் அடிமைக் காலத்து அடுப்படியையே ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவது சரியா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. ஏபி ஃபிஷரின் கைத்திறனும் அந்த அடுப்படியில்தான் இருந்தது. மார்கரெட்டின் ஸதகாவும் அங்கேதான் இருந்தது. கொழுப்பை மாற்றிக்கொள்ளலாம். வெண்ணெயும் மோரும் ஹலால்.

அதே நூலில், அதே தீவைச் சேர்ந்த மற்றொரு முதியவரும் பேசுகிறார். அவருடைய பாட்டி ஹெஸ்டா, பிலாலியின் இன்னொரு மகள். அவள் மாதந்தோறும் முதல் நாளில் சரகா செய்வாளாம். சோளமாவைக் கொதிநீரில் இட்டு உடனே எடுத்துத் தேன் கலந்து தட்டுவாளாம். செய்து முடித்ததும் பெரிய முறம் நிறைய அப்பத்தோடு பிள்ளைகளை எல்லாம் உள்ளே அழைப்பாள். ஆளுக்கொன்று கையில் கொடுப்பாள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். அவள் 'ஆமீன், ஆமீன், ஆமீன்' என்பாள். பிறகு எல்லாரும் உண்பார்கள்.